13,000 ரூபாய் வாடகை வீட்டுக்கு மாதம் உண்மையில் எவ்வளவு ஆகும்? மதுரையில் வீடு தேடும் குடும்பத்துக்கு ஒரு பதில்

கோவையிலிருந்து மதுரைக்கு வருகிறீர்கள். உங்களுக்கு இலந்தைக்குளம் எல்காட் ஐ.டி. வளாகத்தில் வேலை, மனைவிக்குக் கோரிப்பாளையம் பக்கம் ஒரு மருத்துவமனையில் இன்னும் நிரந்தரமாகாத வேலை, பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள். இரண்டு வீடுகளைப் பார்த்து வைத்திருக்கிறீர்கள். ஒன்று அய்யர் பங்களா பக்கம், லிஃப்ட் வைத்த பதினாறு வீட்டுக் குடியிருப்பில் மேல்தள வீடு. வாடகை 13,000, அட்வான்ஸ் ஒரு லட்சம், பராமரிப்பு 1,500, தரகருக்கு ஒரு மாத வாடகை, காலி செய்யும்போது வெள்ளையடிக்க ஒரு மாத வாடகை பிடித்தம். மற்றொன்று எல்லீஸ் நகரில் 6 லட்சத்துக்கு ஒத்தி, அதாவது மொத்தமாகப் பணத்தைக் கொடுத்து வாடகை இல்லாமல் குடியிருந்து, காலி செய்யும்போது அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு. கையில் 2 லட்சம் இருக்கிறது, மீதி 4 லட்சத்துக்கு நகையை வங்கியில் வைக்கலாம் என்று நினைக்கிறீர்கள். இவற்றில் எது உண்மையில் செலவு குறைந்தது என்று கேட்கிறீர்கள்.

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். அய்யர் பங்களா வீடு மின் கட்டணத்தைச் சேர்க்காமலே மாதம் 16,700 ரூபாய்க்கு வரும். எல்லீஸ் நகர் ஒத்தி அதில் பாதிகூட ஆகாது. ஆனால் அதில் உங்கள் முதலே மாட்டிக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது. அதை இரண்டு ஆவணங்கள் பார்த்த பிறகுதான் தொட வேண்டும். நான் இங்கே ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கக் கணக்கை எழுதி வருகிறேன். குடிவரும் குடும்பங்கள் எந்தச் செலவை எதிர்பார்க்காமல் வந்து திணறுகின்றன என்பது கணக்கு நோட்டிலேயே தெரிகிறது. அதை வைத்துத்தான் எழுதுகிறேன்.

தண்ணீரிலிருந்து தொடங்க வேண்டும். சிறுவாணித் தண்ணீரைக் குழாயில் பிடித்துக் குடித்துப் பழகியவர்களுக்குத் தண்ணீர் ஒரு செலவாகவே தோன்றாது. மதுரையில் வீடு பார்க்கும்போது வாடகைக்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி, “நல்ல தண்ணீர் வருகிறதா?” என்பதுதான். நல்ல தண்ணீர் என்றால் மாநகராட்சி தரும் ஆற்றுத் தண்ணீர். போரில், அதாவது ஆழ்துளைக் கிணற்றில் வருவது உப்புத் தண்ணீர். 2011இல் மாநகராட்சி 72 வார்டுகளிலிருந்து 100 வார்டுகளாக விரிந்தபோது ஆனையூர், அவனியாபுரம், திருப்பரங்குன்றம் போன்ற பகுதிகள் உள்ளே வந்தன. ஆனால் எல்லை விரிந்த வேகத்தில் குழாய் விரியவில்லை. லோயர் கேம்ப்பிலிருந்து முல்லைப் பெரியாற்று நீரைக் கொண்டுவரும் திட்டமே இந்தக் குறையைத் தீர்க்கத்தான். ஒரு தெருவில் குழாய் பதித்துவிட்டார்கள் என்பதும், அந்த வீட்டுத் தொட்டிக்குள் தண்ணீர் விழுகிறது என்பதும் வேறு வேறு செய்திகள். தரகர் முதலாவதைச் சொல்வார். நீங்கள் இரண்டாவதைக் கேளுங்கள். அதையும் தரகரிடம் கேட்காமல், கீழ்த்தளத்தில் குடியிருக்கும் ஒரு பெண்மணியிடம் கேளுங்கள். எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் என்று மூன்றே வாக்கியத்தில் உண்மை வந்துவிடும்.

நல்ல தண்ணீர் இல்லையென்றால் குடிக்கவும் சமைக்கவும் கேன் வாங்க வேண்டும். நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு இரண்டு நாளைக்கு ஒரு 20 லிட்டர் கேன் போகும். வீட்டுக்குக் கொண்டுவந்து போடும் விலை 35 ரூபாய் என்று வைத்தால் மாதம் 15 கேனுக்கு 525 ரூபாய். பெரிய தொகையாகத் தெரியாது. கோடையில் போர் வற்றி, சங்கம் லாரித் தண்ணீர் வாங்கத் தொடங்கும்போதுதான் செலவு உறைக்கும். உங்களிடம் சொன்ன 1,500 ரூபாய் பராமரிப்பில் லாரித் தண்ணீர் அடங்குமா, அல்லது தனியாகப் பிரிப்பார்களா? பல குடியிருப்புகளில் தனியாகத்தான் பிரிக்கிறார்கள். அதுவும் வீட்டுக்கு இவ்வளவு என்று சமமாக. இரண்டு பேர் உள்ள வீடும் ஆறு பேர் உள்ள வீடும் ஒரே தொகை கொடுக்கும். சங்கச் செயலரிடம் போன ஆண்டு மார்ச் முதல் ஜூன் வரையிலான கணக்கு நோட்டைக் காட்டச் சொல்லுங்கள். மறைக்க எதுவும் இல்லாத சங்கம் காட்டும். தயங்கினால் மேல்தளத்தில் ஒரு வீட்டுக் கதவைத் தட்டி விசாரியுங்கள்.

உப்புத் தண்ணீருக்கு இன்னொரு விலையும் உண்டு. அது எந்தக் கணக்கிலும் வராது. கீசரின் காயிலில் உப்புப் படியும், குழாய்கள் பூத்து அடைத்துக்கொள்ளும், துணி துவைக்கும் இயந்திரம் ஆயுள் முடிவதற்கு முன்பே நின்றுபோகும். கீசர் வீட்டுக்காரருடையதாக இருந்தாலும் அதன் சில்லறைப் பழுது சட்டப்படி உங்கள் தலையில்தான் விழுகிறது. சட்டத்தைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். வீடு பார்க்கப் போகும்போது குளியலறைக் குழாயின் வாயைக் கையால் தடவிப் பாருங்கள். வெள்ளையாகக் கட்டி தட்டியிருந்தால் போர்த் தண்ணீரின் கதை அங்கேயே எழுதியிருக்கிறது.

அடுத்தது மின்சாரம். மேல்தள வீடு என்று எழுதியிருந்தீர்கள். சித்திரை, வைகாசியில் மதுரையில் வெயில் 40 டிகிரியைத் தொடும். பகலெல்லாம் காய்ந்த கான்கிரீட் தளம் இரவு முழுவதும் வீட்டுக்குள் வெப்பத்தை இறக்கும். கீழ்த்தளத்தில் மின்விசிறியோடு தூங்கலாம். மேல்தளத்தில் பிள்ளைகள் ஏ.சி. இல்லாமல் தூங்க மாட்டார்கள். ஒன்றரை டன் ஏ.சி. மணிக்கு ஏறத்தாழ ஒரு யூனிட் இழுக்கும். இரவு எட்டு மணி நேரம் வீதம் இரண்டு மாதத்துக்கு 480 யூனிட் அதற்கு மட்டும் ஆகும். நம் மாநிலத்தில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கிறார்கள். முதல் 100 யூனிட் இலவசம் என்பது 2016 முதல் உள்ள நடைமுறை. அதற்கு மேல் கட்டணம் படிப்படியாக ஏறும். ஆபத்தான படி 500 யூனிட். அதைத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுகளுக்கு அதிக விலை, அதோடு கீழேயுள்ள யூனிட்டுகளுக்குக் கிடைத்த சலுகையிலும் ஒரு பகுதி போய்விடும். குளிர்சாதனப் பெட்டி, மின்விசிறி, மிக்சி எல்லாம் சேர்ந்தால் மேல்தள வீடு கோடையில் இந்தப் படியைத் தாண்டாமல் இருப்பது கடினம். அதே குடியிருப்பில் முதல் தளத்தில் 500 ரூபாய் கூடுதல் வாடகைக்கு வீடு இருந்தால், தயங்காமல் அதை எடுங்கள் என்பேன். மேல்தளமே அமைந்துவிட்டால், மொட்டை மாடியில் வெப்பத்தைத் தடுக்கும் வெள்ளைப் பூச்சு அடித்துத் தரும்படி வீட்டுக்காரரிடம் குடிபோவதற்கு முன்பே பேசி ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள். குடிபோன பிறகு அந்தப் பேச்சு நடக்காது.

வீட்டுக்குத் தனி மின் இணைப்பு இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். அடுக்குமாடியில் பெரும்பாலும் இருக்கும். தனி வீட்டின் மாடியை வாடகைக்கு விடும் இடங்களில்தான் ஒரே இணைப்பில் துணை மீட்டர் வைத்து யூனிட்டுக்குப் பத்து ரூபாய் என்று வாங்குகிறார்கள். இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் ஓடினால் 2,000 ரூபாய் கொடுப்பீர்கள். தனி இணைப்பில் முதல் 100 யூனிட் இலவசம், அடுத்த 100க்கும் சலுகை விலை. மொத்தம் 300 ரூபாயைத் தொடாது. குறைந்த வாடகை என்று நம்பி இப்படிப்பட்ட வீட்டில் இரண்டு மூன்று ஆண்டுகள் இருந்துவிட்டு வரும் குடும்பங்களைப் பார்க்கும்போது எனக்கு ஆற்றாமையாக இருக்கும்.

மின் கட்டணத்தில் எப்போதாவது கூடுதல் காப்பு வைப்புத்தொகை என்று ஒரு வரி சேர்ந்து வரும். பயன்பாடு கூடியதால் மின்வாரியம் கேட்கும் வைப்பு அது. இணைப்பு வீட்டுக்காரர் பெயரில் இருப்பதால் அந்தப் பணம் அவர் கணக்கில்தான் நிற்கும். நீங்கள் கட்டினால் ரசீதை எடுத்து வைத்து வாடகையில் கழித்துக்கொள்ளுங்கள். குடிவந்தவர்களில் பலர் இதைக் கட்டணம் என்றே நினைத்துக் கட்டிவிட்டு, காலி செய்யும்போது கேட்கத் தெரியாமல் போய்விடுகிறார்கள்.

பொது மீட்டரின் கதை வேறு. லிஃப்ட், மோட்டார், படிக்கட்டு விளக்கு எல்லாம் அதில் ஓடுகின்றன. அதற்கு 100 யூனிட் இலவசமும் கிடையாது, சலுகையும் கிடையாது. 2023 அக்டோபரில் பத்து வீடுகளுக்கு மிகாமல், மூன்று மாடிக்கு மிகாமல், லிஃப்ட் இல்லாமல் இருக்கும் சிறு குடியிருப்புகளுக்கு மட்டும் பொது மின் கட்டணத்தை யூனிட்டுக்கு 8 ரூபாயிலிருந்து 5.50 ரூபாயாக அரசு குறைத்தது. அதன் பின் விலைகள் மாறியிருந்தாலும் அந்த வேறுபாடு இருக்கிறது. நீங்கள் பார்த்தது லிஃப்ட் உள்ள பதினாறு வீட்டுக் குடியிருப்பு. ஆகவே முழு விலைதான். தண்ணீர் கீழே போகப் போக மோட்டார் நேரமும் கூடும், பராமரிப்புத் தொகையும் கூடும். பராமரிப்பு ஆண்டுதோறும் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். பாதாளச் சாக்கடை வராத தெருவாக இருந்தால் செப்டிக் தொட்டியைச் சுத்தம் செய்யும் லாரிச் செலவும் இதில்தான் வரும். லிஃப்ட் மாற்றுவது, கட்டடத்துக்கு வண்ணம் பூசுவது போன்ற பெரிய வேலைகளுக்குச் சங்கம் திரட்டும் நிதி வீட்டு உரிமையாளருடைய பொறுப்பு. குடியிருப்பவரிடம் கேட்டால் மறுத்துவிடுங்கள். சொத்து வரியும் அப்படியே.

இப்போது அட்வான்ஸ். ஒரு லட்சம் திரும்பி வரும் பணம்தானே என்று விட்டுவிடாதீர்கள். 7 சதவீத வட்டிக்கு வங்கியில் போட்டிருந்தால் ஆண்டுக்கு 7,000, அதாவது மாதம் 583 ரூபாய் வந்திருக்கும். தரகுக்கு 13,000, வெள்ளையடிப்புப் பிடித்தம் 13,000. இரண்டு ஆண்டுகள் இருந்தால் இந்த 26,000 மாதத்துக்கு 1,083 ஆகிறது. வாடகை 13,000, பராமரிப்பு 1,500, கேன் 525 எல்லாம் கூட்டினால் 16,691. நான் தொடக்கத்தில் சொன்ன கணக்கு இதுதான். பதினோரு மாதத்தில் கிளம்ப வேண்டி வந்தால் அதே 26,000 மாதத்துக்கு 2,364 ஆகிவிடும். மொத்தம் 18,000ஐ நெருங்கும். மனைவியின் வேலை நிரந்தரம் ஆகவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

2017ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. வேறுவிதமாக ஒப்புக்கொள்ளாதவரை மூன்று மாத வாடகைக்கு மேல் காப்புத்தொகை வாங்கக் கூடாது என்று அது சொல்கிறது. உங்களுக்கு அது 39,000. ஒரு லட்சத்துக்கு நீங்கள் கையெழுத்திட்டுவிட்டால் “வேறுவிதமாக ஒப்புக்கொண்டவர்” ஆகிவிடுவீர்கள். ஆகவே கையெழுத்துக்கு முன்பு பேச வேண்டிய விஷயம் இது. 39,000 என்று கேட்டு 60,000இல் முடித்தாலும் லாபம்தான். காலி செய்த ஒரு மாதத்துக்குள் பிடித்தம் போக மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. பழுதுகளை யார் பார்ப்பது என்று ஓர் அட்டவணையும் உண்டு. சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்கு வண்ணம் பூசுவது, குழாய் வரிசையை மாற்றுவது, ஒயரிங் ஆகியவை உரிமையாளருக்கு. குழாய் வாசர், கீசர், சுவிட்ச், பூட்டு, கைப்பிடி போன்ற சில்லறை வேலைகள் குடியிருப்பவருக்கு. வெள்ளையடிப்புப் பிடித்தம் கேட்கும்போது இந்த அட்டவணையை நினைவூட்டுங்கள். ஊர் வழக்கம் என்பார்கள். வழக்கம்தான். ஆனாலும் இரண்டு மூன்று ஆண்டுகள் இருந்தவரிடம் முழு மாத வாடகையைப் பிடிப்பது நியாயமில்லை என்று பணிவாகச் சொன்னால் பாதிக்கு இறங்கி வருபவர்கள் உண்டு. தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தி நெருக்கடி கொடுப்பதை அந்தச் சட்டம் தடை செய்கிறது. துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத வாடகை அதிகாரியிடம் முறையிடலாம். ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு, அவரிடம் பதிவெண் பெற்றிருந்தால் பேச்சுக்கு வலு இருக்கும்.

வாடகை ரசீது பற்றி ஒரே ஒரு செய்தி. ஆண்டு வாடகை 1,56,000 வருகிறது. பழைய வருமான வரித் திட்டத்தில் இருந்து வீட்டு வாடகைப் படிக்கு விலக்குக் கேட்பதாக இருந்தால், ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டும்போது வீட்டுக்காரரின் பான் எண் தேவை. “ரொக்கமாகக் கொடுங்கள், ரசீது வேண்டாம்” என்பவர் உங்கள் வரியைக் கூட்டுகிறார்.

இனி எல்லீஸ் நகர் ஒத்தி. கணக்கு மட்டும் பார்த்தால் ஆசை வரும். 2 லட்சம் சேமிப்புக்கு 7 சதவீதத்தில் இழக்கும் வட்டி ஆண்டுக்கு 14,000. 4 லட்சம் நகைக் கடனுக்கு 10 சதவீதம் என்று வைத்தால் 40,000. இரண்டும் சேர்ந்து மாதம் 4,500. வாடகை கிடையாது. மதுரையில் நடுத்தரக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக ஒத்தியில் குடியிருந்து, மிச்சம் பிடித்து, சொந்த வீடு கட்டியிருக்கின்றன. நான் ஒத்திக்கு எதிரி இல்லை.

ஆனால் ஒருவர் தம் வீட்டை ஏன் ஒத்திக்கு விடுகிறார் என்று கேட்டுப் பாருங்கள். அவருக்கு மொத்தமாகப் பணம் வேண்டும். கல்யாணமோ, தொழிலோ, பழைய கடனோ காரணமாக இருக்கும். உங்கள் 6 லட்சம் அவர் கைக்குப் போன அன்றே செலவாகிவிடும். மூன்று ஆண்டு கழித்து உங்களுக்குத் தருவது அடுத்து வரும் ஒத்திக்காரரின் பணம். அடுத்த ஆள் கிடைக்கத் தாமதமானால் நீங்கள் அந்த வீட்டிலேயே காத்திருக்க வேண்டும். பிள்ளைகளுக்குப் பள்ளி மாற்ற வேண்டும், வேறு ஊருக்கு மாற்றல் வந்துவிட்டது என்றாலும் பணம் வராமல் சாவியைக் கொடுக்க முடியாது. அதுவரை நகைக்கு வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். இந்தத் தாமதத்தின் விலையை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

இதைவிடப் பெரிய ஆபத்து பத்திரத்தில் இருக்கிறது. ஒத்தி என்பது சட்டத்தின் பார்வையில் சுவாதீன அடமானம், அதாவது வீட்டையே உங்கள் கையில் ஒப்படைத்துச் செய்யும் அடமானம். நூறு ரூபாயோ அதற்கு மேலோ உள்ள இத்தகைய அடமானத்தைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று சொத்து மாற்றுச் சட்டம் சொல்கிறது. முத்திரைத்தாளில் எழுதி இரண்டு சாட்சிக் கையெழுத்து வாங்கிவிட்டால் போதும் என்று இங்கே பரவலாக நம்புகிறார்கள். அந்தத் தாள் உங்களுக்கு வீட்டின் மேல் அடமான உரிமை எதையும் தராது. முறையாகப் பதிந்தால் முத்திரைத்தீர்வை 4 சதவீதம், பதிவுக் கட்டணம் 1 சதவீதம். 6 லட்சத்துக்கு 30,000 ரூபாய். மூன்று ஆண்டுக்குப் பிரித்தால் மாதம் 833. அதைச் சேர்த்தும் 5,333தான் ஆகிறது. இந்த 30,000ஐ மிச்சப்படுத்தலாம் என்று வீட்டுக்காரர் சொன்னால், உங்கள் 6 லட்சத்துக்குப் பாதுகாப்பு வேண்டாம் என்று சொல்கிறார் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

பணம் கொடுப்பதற்கு முன் வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்தில் எடுத்துப் பாருங்கள். வங்கியில் பத்திரத்தை ஒப்படைத்துக் கடன் வாங்கியிருந்தால் அந்தப் பதிவு பொதுவாக அதில் தெரியும். அப்படியிருந்தால் விலகிவிடுங்கள். தவணை நின்றுபோனால் 2002ஆம் ஆண்டின் சர்பாசி சட்டப்படி வங்கி வீட்டைக் கையகப்படுத்தலாம். வங்கிக்குப் பின்னால் வந்த ஒத்திக்காரருக்கு முன்னுரிமை கிடையாது. அது வீட்டு வசதி வாரிய வீடாக இருந்தால் இன்னொரு ஆவணமும் வேண்டும். ஒதுக்கீடு பெற்றவருக்கு வாரியம் கிரயப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டதா என்று மூலப் பத்திரத்தையே பாருங்கள். ஒதுக்கீட்டு ஆணையை மட்டும் காட்டினால் அவரால் அந்த வீட்டை உங்களுக்கு அடமானம் செய்யவே முடியாது. வில்லங்கச் சான்றும் கிரயப் பத்திரமும் சுத்தமாக இருந்து, வீட்டுக்காரரும் பதிவுக்கு வருவதாக இருந்தால் எல்லீஸ் நகர் வீட்டையே எடுங்கள். இவற்றில் ஒன்று குறைந்தாலும் நகையை வீட்டிலேயே வைத்துக்கொண்டு வாடகைக்குப் போங்கள்.

போக்குவரத்தையும் சேர்த்துப் பாருங்கள். சாதாரண நகரப் பேருந்துகளில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. நீங்கள் எடுக்கும் வீட்டுப் பக்கத்திலிருந்து கோரிப்பாளையத்துக்கு நேரடி நகரப் பேருந்து இருந்தால் மனைவியின் பயணச் செலவு மிச்சம். இரவுப் பணி முடிந்து வரும் நேரத்தில் பேருந்து இருக்கிறதா என்பதையும் அவரையே பார்க்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் ஆட்டோச் செலவைக் கணக்கில் எழுதுங்கள்.

எப்போது குடிபோவது என்பதிலும் பணம் இருக்கிறது. ஆடியில் யாரும் வீடு மாற மாட்டார்கள், ஆவணி பிறந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்புவார்கள். அதனால் ஆனிக் கடைசியில் அவசரமாக அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, ஆடி முழுவதும் பூட்டிய வீட்டுக்கு வாடகையும் இப்போது குடியிருக்கும் வீட்டுக்கு வாடகையுமாக இரண்டு பக்கம் கட்டும் குடும்பங்கள் ஏராளம். நீங்கள் ஆடியில் வீடு பாருங்கள். காலியாகக் கிடக்கும் வீட்டின் சொந்தக்காரர் அப்போதுதான் பொறுமையாகப் பேசுவார். முன்பணமாகச் சிறு தொகை கொடுத்து, ஆவணியில் பால் காய்ச்சும் நாளிலிருந்துதான் வாடகை என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சாவி வாங்கும் அன்று, சாமான் இறக்குவதற்கு முன்பே, மின் மீட்டரில் ஓடும் எண்ணைப் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். முன்பு இருந்தவரின் மின் கட்டணமும் பராமரிப்புப் பாக்கியும் தீர்ந்துவிட்டன என்று சங்கச் செயலரிடம் ஒரு வரி எழுதி வாங்குங்கள். சுவரில் ஈரம் இறங்கிய இடம், உடைந்த ஓடு, இறுகிய ஜன்னல் கொக்கி எல்லாவற்றையும் அப்போதே படம் எடுத்து அனுப்பிவிட்டால், காலி செய்யும் நாளில் அந்தப் பழுதுகளுக்கு உங்கள் அட்வான்ஸில் கை வைக்க முடியாது.